கதவு வைத்த கம்பி

விளக்கின் வெள்ளை வட்டம் மகளின் வாய்க்குள் விழுகிறது. கிழிந்த மேலுதட்டைப் பல் டாக்டரம்மா விரலால் தூக்க, ரத்தம் கசிந்து பல்லிடுக்கில் இறங்குகிறது. பல்லை நேராக்க ஒட்டிய குட்டி உலோகக் கட்டைகளில் மூன்றின் கதவுகள் உள்ளே நசுங்கிக் கிடக்கின்றன. "படியில விழுந்துட்டா," என்கிறார் அப்பா, வலது கையைப் பாக்கெட்டுக்குள் திணித்தபடி. டாக்டரம்மா ஒரு கதவை ஊசிமுனையால் நெம்புகிறார். அது டப்பென்று திறக்க, உள்ளிருந்த கம்பி துள்ளுகிறது. மகளின் நகங்கள் நாற்காலியைப் பிறாண்டுகின்றன. "இதுல கதவே கம்பியைப் பிடிச்சுக்கும், ரப்பர் வளையம் வேண்டாம். சுத்தம் பண்றது சுலபம். ஆனா பல்லு சீக்கிரம் நேராகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். திரும்ப இதையே போடவா, இல்ல ரப்பர் வளையம் மாட்டுற வகைக்கு மாத்திடவா?" அப்பா நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை வெளியே எடுக்கிறார். அந்தப் 'படி'க்கும் காயம்தான்: முஷ்டியில் மூன்று கீறல்கள், அந்தக் கட்டைகளின் அதே இடைவெளியில். டாக்டரம்மாவின் ஊசி அந்தரத்தில் நிற்கிறது. "எதையாவது போடுங்க," என்கிறார் அப்பா. மகள் தொட்டியில் ரத்தத்தைத் துப்புகிறாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்கிறாள்: "ரெண்டுல எது நல்லாக் கிழிக்கும், டாக்டர்?"