பச்சைச் சக்கை

எங்கள் வாசல் கொய்யா மரத்தில் கை எட்டும் உயரம்வரை ஒரு இலைகூடக் கிடையாது. எதிரில் ஒயின்ஷாப். குடித்தவர்கள் வண்டி எடுக்கும் முன்பு வாடை தெரியாமலிருக்க, கிளையை வளைத்து இலையைப் பறித்து மென்று, சக்கையை என் வாசலிலேயே துப்பிவிட்டுப் போவார்கள். தினமும் அதைக் கழுவுகிறவள் நான். நேற்று மத்தியானம் அப்படித் துப்பிவிட்டுப் போனவன், தெருமுனையில் நின்ற என் தங்கை செண்பகத்தின்மேல் காரை ஏற்றிக் கொன்றுவிட்டான்.

விசாரிக்க வந்த ஏட்டு, "அவன் வாயில வாடையே இல்லியேம்மா. குடிச்சிருந்தான்னு எப்படி எழுதுறது?" என்றார்.

நான் கழுவாமல் வைத்திருந்த பச்சைச் சக்கையைக் காட்டினேன்.

"கொய்யா இலையைத் தின்னா குத்தமாம்மா?" என்று சிரித்தார். அவர் பல்லிடுக்கில் பச்சையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.