கதை சொல்ல வந்தவர்

"இது வீடா, சந்தையா?"

கதவைத் திறந்ததுமே மார்வினுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். வாசலில் கைலியும் முரட்டு மீசையுமாக ஒரு பெரியவர். உள்ளே அவன் பிள்ளைகள் பெதானியும் மேக்ஸ்வெல்லும் சோஃபாவிலிருந்து தொம் தொம்மென்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா அங்கிள்! சர்ச்சிலேர்ந்து ஒருத்தர அனுப்புறேன்னு ஃபாதர் சொன்னாரு. என் வைஃப்புக்கு வலி வந்துடுச்சு, டாக்சி கீழ நிக்குது. கதை சொன்னாத்தான் இதுங்க தூங்கும்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளிருந்து மனைவி மிரண்டா வலியில் அலறினாள். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"கதையாவது, ஒண்ணாவது! போங்க, முதல்ல பொண்டாட்டியப் பாருங்க லா!"

மிரண்டாவின் போனைப் பெதானியிடம் கொடுத்துவிட்டு ஓடினான் மார்வின்.

டாக்சி கிளம்பிய பிறகுதான் அவன் யோசித்தான். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி பிளாக்குக்குக் குடிவந்து பத்தே நாள். ஃபாதருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? இந்த முரடரிடமா பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தோம்?

ஆஸ்பத்திரி போனதும் அழைத்தான். போனில் முதலில் கேட்டது ஓர் அதட்டல்.

"டேய் சுறா! வாயை மூடுன்னா மூடணும்!"

"அப்பா, மேக்ஸ்வெல்தான் சுறா, நான் திமிங்கலம்! வச்சிடவா? அங்கிள் திட்டுவாரு!" என்று கலகலவென்று சிரித்தாள் பெதானி.

ஒன்பதரைக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மார்வினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியவருக்கு நன்றி சொல்லப் போனை எடுத்தான். அதற்குள் அது ஒலித்தது.

"தம்பி, நான் சேவியர். ஃபாதர் அனுப்புனாரு. சாரி லா, வேற பிளாக்குக்குப் போயி தேடிட்டிருந்தேன். இப்பத்தான் உங்க பிளாக் கீழ நிக்கிறேன். எத்தனாவது மாடி?"

மார்வின் அழைப்பைத் துண்டித்தான். அப்படியானால், வீட்டில் இருப்பது யார்? அவசரமாக வீடியோ கால் போட்டான்.

திரையில் அதே மீசை. அவர் மடியின் இரு பக்கமும் இரண்டு தலைகள், அயர்ந்த உறக்கத்தில்.

"யார் சார் நீங்க?"

"கத்தாதீங்க, இப்பத்தான் தூங்குச்சுங்க" என்று கிசுகிசுத்தார் அவர். "நான் கீழ்வீட்டு யாக்கூப். உங்க பிள்ளைங்க குதிக்கிற குதியில பத்து நாளா எனக்குத் தூக்கமில்ல, சண்டை போடத்தான் வந்தேன். இப்ப சுறா கதை பாதியில நிக்குது. நாளைக்கு வந்து அத முடிச்சிட்டு, அப்புறம் சண்டை போடுறேன்!"