பிஞ்சு நிற்காத பூசணிக்கொடி

"மலட்டு விதையை என் தலையில கட்டிட்டீங்களே, நிவாரண் தாதா! நாளைக்குச் சந்தையில உங்க கடை முன்னாடியே நின்னு ஊருக்கெல்லாம் சொல்லப் போறேன்."

ஷெபாலி சொன்னால் செய்வாள். வங்காளத்து ராணாகாட் ஊரில் பாதிப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டுத்தான் விதை வாங்குகிறார்கள். காலையில் தின்ற பொரியும் பஜ்ஜியும் செரிப்பதற்குள், அவள் 'தாதா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் விதைக்கடை நிவாரண் அவள் வீட்டுக் கொல்லைக்கு ஓடி வந்திருந்தார்.

கொடி கூரை வரை ஏறியிருந்தது. பிஞ்சுகள்தான் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்து கிடந்தன.

"தண்ணி ஒழுங்கா ஊத்துறீங்களா?"

"மண்ணைத் தொட்டுப் பாருங்க."

"எரு?"

"ரெண்டு கூடை சாணம்."

"பூச்சி மருந்து அடிச்சா தேனீ வராது, தீதி."

"அடிக்கவே இல்ல. தேனீ வருது தாதா. உங்களை மாதிரிதான், சுத்திப் பார்த்துட்டு சும்மா போயிடுது."

நிவாரண் இலைகளை விலக்கினார். அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூக்கள் இருந்தன. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. நகத்தால் கிள்ளிய நீளக் காம்புகள்தான் மொட்டையாக நின்றன.

அவருக்கு உயிர் வந்தது.

"விதை மேல குத்தமில்ல! யாரோ ஆண் பூவையெல்லாம் கிள்ளிட்டுப் போறாங்க. மாப்பிள்ளையே இல்லாத வீட்டுல பிள்ளை எங்கேர்ந்து வரும்?"

"நான் ஒரு பூவைத் தொட்டதில்லையே! விடியறப்போ செம்பருத்தி பறிக்க நாலஞ்சு பொம்பளைங்க கூடையோட வருவாங்க. பூஜைக்குப் பறிக்கிறவங்களை யாராவது தடுப்பாங்களா?"

"அதுல ஒருத்திக்குச் சாமியைவிட நாக்கு பெரிசு. பெண் பூவை விட்டுட்டு ஆண் பூவாப் பார்த்துக் கிள்ளியிருக்கா. கைதேர்ந்த சமையல்காரி. பூசணிப்பூ பஜ்ஜி போடத்தான்! பிடிச்சுச் சந்தைக்கு இழுத்துட்டு வாங்க. என் கடை வாசல்லயே நிக்க வைப்போம்."

ஷெபாலியின் குரல் தணிந்தது. "உங்களைப் போய்த் திட்டிட்டேன். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே வாழை மறைவுல நிக்கிறேன். யாருன்னு பார்த்துடறேன்."

நிவாரண் சீட்டியடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

"வந்துட்டீங்களா? காலையில போட்டது பத்தலைன்னீங்களே, இருங்க" என்ற மனைவி மஞ்சரி, அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுப் பூஜைக்கூடையை எடுத்தாள். மேலாகக் கிடந்த செம்பருத்திகளை ஒதுக்கி, அடியிலிருந்து பூசணிப்பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து மாவில் தோய்த்தாள்.

"நாளைக்கு இருட்டோட போயிட்டேன்னா, இன்னும் நிறையக் கிடைக்கும்."