ஏழாவது காட்சி

“இன்னைக்கும் அந்த ஆளுதான் போனை எடுக்கறான்! ‘அவளால இப்பப் பேச முடியாதுங்க’ன்னு அதே பாட்டு.” ஷ்யாமளா காரைப் பிரிட்ஜ்வாட்டர் ஊருக்குப் போகிற ரோட்டில் திருப்பினாள். போன் நம்பரை வைத்து விலாசத்தைத் தேடிப் பிடித்து, ரிகர்சலைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

பெண்கள் எழுதும் நாடகங்களை மட்டுமே மேடையேற்றும் ‘மறுகுரல்’ குழுவை எட்டு வருடமாக இழுத்துக்கொண்டு போகிறவள் அவள். பெண்டாட்டியின் வாயை அடைக்கிற புருஷன் எங்கே இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். இந்த முறை சிக்கியிருப்பவன் பரமேஸ்வரியின் புருஷன்.

பரமேஸ்வரியைக் குழுவில் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு காட்சியையும் தானே பேசிக் காட்டி, வாய்ஸ் மெசேஜாக அனுப்புவாள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, டாண் என்று வந்துவிடும். முதல் மெசேஜிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “நான் யாரு, என்னன்னு விசாரிக்க வேண்டாங்க. நாடகம் நல்லா இருந்தா மட்டும் போடுங்க.”

நாடகம் பிரமாதமாக இருந்தது. அவள் குரலுக்குப் பின்னால் சதா ஒரு ‘பீப்... பீப்’ சத்தம். சமையலறையில் மைக்ரோவேவோடு மல்லுக்கட்டிக்கொண்டே இப்படி எழுதுகிறாளே என்று குழுவே உருகிப்போனது. இரண்டாம் காட்சியைக் கொஞ்சம் மாற்றச் சொல்லி ஷ்யாமளா நாலு மெசேஜ் போட்டாள், அதற்கு மட்டும் பதிலே இல்லை.

ஆறு காட்சிகள் வந்தாயிற்று. பெட்டியோடு வாசலில் நிற்கிற கதாநாயகி போகிறாளா, இருக்கிறாளா என்பது ஏழாவதில். மூன்று வெள்ளிக்கிழமை போயும் அது வரவில்லை. நாடகத்துக்கு இன்னும் பத்தே நாள்.

“ஆன்ட்டி, மே பீ ஷி ஜஸ்ட் நீட்ஸ் டைம்,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓவியா. கதாநாயகி அவள்தான்.

“டைமாவது ஒண்ணாவது! அவ போனையே புடுங்கி வச்சிருக்கான்.” ஷ்யாமளாவுக்குக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அவன் கை ஓங்குகிற ஆளாக இருந்தால் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ?

கதவைத் திறந்தவன் பரமேஸ்வரியின் புருஷன் திருமூர்த்தி. நாலு நாள் தாடி. கையில் பூப்போட்ட கவரோடு ஒரு போன். பார்த்ததுமே ஷ்யாமளாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அது பரமேஸ்வரி போன்தானே?”

“ஆமாங்க.”

“கடைசி சீனை அவங்களை ரெக்கார்ட் பண்ண விடலையா நீங்க?”

“அது எப்பவோ பண்ணிட்டா. இதுலதான் இருக்குதுங்க.”

“அப்ப எங்களுக்கு அனுப்பாம தடுக்கறது யாரு?”

“நான்தானுங்க.”

ஒப்புக்கொண்டேவிட்டான்! ஷ்யாமளா வாசற்படியில் ஒரு அடி முன்னால் வந்தாள். “ஒரு பொண்ணு பேசறதைப் பூட்டி வைக்க நீங்க யாரு?”

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. போனைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். “எதையுமே நான் ஒருக்கா கேட்டுட்டுத்தானுங்க உங்களுக்கு அனுப்பினேன். வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல கேக்க மாட்டேன்.”

“ஓஹோ, சென்சாரா? ஏழாவதுல உங்களைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

“தெரியலைங்க. அதை நான் இன்னும் கேக்கலை.”

“கேக்காமலேயே நிறுத்தி வச்சிருக்கீங்களா? குடுங்க இப்படி!” அவள் கையை நீட்டினாள்.

திருமூர்த்தி அந்தக் கையைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரியில படுத்துட்டே ஏழையும் பேசி வெச்சுட்டு, அவ போயி மூணு மாசமாச்சுங்க. அவ குரல்ல நான் இன்னும் கேக்காதது இது ஒண்ணுதானுங்க.”