அனுப்பி வைக்க ஒரு நாடு

"உன் ஊருல என்ன ஆறுப்பா ஓடுது?"

"வைகை சார். தண்ணி வராது. வெறும் மணல்தான்."

இந்தியத் தூதரக அதிகாரி முத்துவீரப்பனின் உதட்டில் புன்னகை அரும்பியது. மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நகரத்துச் சிறையொன்றின் விசாரணை அறையில், அவர் மேசைக்கு எதிரே கைகட்டி நின்றான் கைதி சிவநேசன்.

ஆவணமின்றி மலேசியாவில் வேலை செய்தான் என்பது குற்றம். ஆறு மாதத் தண்டனை முடிந்து பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. ஆயினும், அனுப்பி வைக்க ஒரு நாடு அகப்படும் வரை அயல்நாட்டானை வெளியே விடுவதில்லை. சட்டத்திற்கு அத்தனை பொறுப்புணர்ச்சி!

இவன் இந்தியன் என்று முத்துவீரப்பன் கையொப்பமிட்டால் பயணப் பத்திரம், விடுதலை. மறுத்தால் மீண்டும் அதே சிறையறை. எத்தனை ஆண்டு என்று எவரும் சொல்லார்.

"ஊருக்குப் போக எங்க இறங்கணும்?"

"பரமக்குடில சார். அங்கேருந்து டவுன் பஸ்ஸு."

முத்துவீரப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கடைசியா ஒண்ணு. தை மாசம் ஊரே கூடிக் கொண்டாடுறது எது?"

முதன்முறையாகச் சிவநேசனின் முகம் மலர்ந்தது. "தைப்பூசம் சார்! ரதம் வர்ற ரோடு முழுக்கத் தேங்கா உடைப்போம். மலையாக் குவிஞ்சிரும். லாரி வச்சிதான் அள்ளணும்."

பேனா மூடிக்கொண்டது.

"பொங்கல்னு எங்க ஊருச் சின்னப் புள்ளகூடச் சொல்லும். ஆறு, பஸ்ஸெல்லாம் யாருடா சொல்லிக் கொடுத்தா?"

"கூட இருக்கிற சீனி முகம்மது அண்ணே... அவருக்குப் பரமக்குடி. சார், கையெழுத்துப் போட்டுருங்க சார். எங்கயாச்சும் போயிடுறேன்."

"பொய்க் கையெழுத்து என்னால போட முடியாது. பொறந்த நாட்டைச் சொல்லு. அந்தத் தூதரகத்துக்கு நானே எழுதுறேன். ஒரே வாரத்துல உன்னை அங்க அனுப்பிருவாங்க."

சிவநேசன் கம்பிச் சன்னலைப் பார்த்தான்.

"பொறந்தது இந்தக் கடலுக்கு எதிர்க்கரை, பாகான் டாலாம் சார். பொறப்பைப் பதியாம விட்டுட்டாரு எங்கப்பா... நான் இந்த நாடுதான்லா."