மாவு மாத்திரை

சுதர்சன், முப்பது வயது, ஓசூர்க்காரன். ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வாரமாக இருப்பதோ குழந்தைகள் வார்டில், நாலாம் நம்பர் கட்டிலோரம். இப்போது குனிந்து, பக்கத்துக் கட்டில் ஷர்மிளாவின் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்கண்ணா, நான் துடைக்கிறேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?" என்றாள் ஷர்மிளாவின் அம்மா ஜுலைகா.

"பரவாயில்லம்மா."

அவன் மகன் கிரிக்கும் ஷர்மிளாவுக்கும் ஒரே நோய். உடம்பைக் காக்கவேண்டிய அணுக்களே உடம்பைத் தின்னும். கேன்சர் மாத்திரை ஒன்று இதற்குக் கேட்குமா என்று சோதிக்கிறார்கள். வேறு வைத்தியம் பாக்கியில்லை.

"பாதிப் பிள்ளைங்களுக்கு மருந்து, பாதிப் பிள்ளைங்களுக்கு வெறும் மாவு. எந்த பாட்டில்ல எதுன்னு எனக்கே தெரியாது" என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை வரை வாந்தி எடுத்தது கிரிதான். வாயெல்லாம் புண். ஷர்மிளா அப்போது பூரி கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். ஜுலைகா குளிக்கப் போகும்போதெல்லாம் இரண்டு பேரையும் சுதர்சன்தான் பார்த்துக்கொண்டான்.

இன்று கிரி மூன்று இட்லி தின்றான். சுதர்சனுக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

"உங்க பையன் தப்பிச்சிட்டாண்ணா. எம் பொண்ணுக்கு மாவுதான் போல." ஜுலைகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு வார லீவு முடிந்து அன்றுதான் வந்த நர்ஸ் ரோஸ்லின், ஷர்மிளாவின் வாயைத் திறந்து பார்த்தாள். ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழில் உள்ளூர் உருது கலக்கும்.

"அழுவுறது நக்கோ அக்கா, வேணாம்! மாவு தின்னா வாந்தி வருமா, வாய்ல புண்ணு வருமா? கேன்சர் மருந்துக்குத்தான் இதெல்லாம் வரும். ரெண்டு மாசம் தாங்கிட்டா பொண்ணு எழுந்து ஓடும். நான் சொன்னேன்னு டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க."

ஜுலைகா அழுகையை நிறுத்திவிட்டு மகளின் நெற்றியில் முத்தம் வைத்தாள். "கேட்டீங்களாண்ணா?"

சுதர்சன் கேட்டான். கிரி நாலாவது இட்லிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். கட்டில்களுக்கு நடுவிலிருந்த மேஜையில், இரண்டு வெள்ளை பாட்டில்களும் ஒட்டி நின்றன.

"சிஸ்டர், வெள்ளிக்கிழமை நான் ரெண்டு பாட்டில்லயும் மாத்திக் கொட்டி வெச்ச மாத்திரைய, பழையபடி மாத்திக் குடுத்துடுங்க."