ஏசுபாதத்தின் மாத்திரைகள்

ஞாயிறு ஆராதனை நேரம் பார்த்து டிவியைச் சத்தமாக வைப்பது ஏசுபாதத்தின் வழக்கம். டிவியும் பாவம், மருந்தும் பாவம் என்று சொன்ன பக்கத்துத் தெரு சபையை விட்டு அவர் விலகிப் பத்து வருடம் ஆகிறது.

இன்று அவருடைய தலையணையைத் தட்டிப்போட்ட மகள் ஷாரோன், உறைக்குள்ளிருந்து கொட்டிய மாத்திரைகளைக் கையில் அள்ளினாள். அவருடைய காசநோய்க்காகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய் அவள் வாங்கி வந்தவை.

“ஒண்ணுகூட முழுங்கலியா, நைனா? மறுபடியும் சபைக்குப் போலாம்னு கீறியா?”

“அந்தப் பக்கம் எவன் போவான்?” இருமல் அவரை உலுக்கி எடுத்தது.

“அப்ப ஜெபத்துலயே சரியாப்பூடும்னு நினைக்கிறியா?”

“மேல யாரும் இல்லம்மா. இருந்தாலும் நான் பேசமாட்டேன்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு? ஒழுங்கா முழுங்குனா நிச்சயம் குணமாயிடும்னாரே. அப்புறம் இன்னா பயம் உனக்கு?”

“அதான் பயம்.”

ஏசுபாதம் மகளின் கையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார்.

“உங்கம்மாவுக்கும் இதே இருமல்தான். யாருக்கும் தெரியாம மாத்திரை வாங்கியாந்தா. நான்தான் சபைப் பேச்சக் கேட்டுப் புடுங்கி எறிஞ்சேன். இப்ப இது என்னைக் காப்பாத்திட்டா, அவளையும் காப்பாத்தியிருக்கும்னு ஆயிடுமே.”